வாரிசுகளுக்கு என்று எழுதினால் வாரிசுகளுக்கு ஒன்றுமில்லை: சொத்துச் சட்டத் தாளில் நான் தேறிய கதை

முதல் இடைத்தேர்வில் நூற்றுக்கு 34 வாங்கினேன். ஒப்பந்தச் சட்டத்தில் அறுபதுக்குக் கீழே இறங்காதவள் நான். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "நிலம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை." எனக்குக் கோபம்தான் வந்தது. சொத்து வழக்கில் வேறு எதைத்தான் கேட்பார்கள்?

பகலில் வேலை, மாலையில் வகுப்பு. ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் வந்த சொத்துச் சட்டம் ஒரு வருடத் தாள். முதல் பாதி முழுக்க நிலம்: சுவாதீனம், உரிமை, குத்தகை, வழிநடைப் பாத்தியம். இரண்டாம் பாதியில் உயில், உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து, டிரஸ்ட். நாட்டுக்கு நாடு விதிகள் மாறும் என்பதால், இங்கே நான் சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் பங்காளியிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பாடம் ஆரம்பித்தது ஒரு நரியில். 1805-ல் நியூயார்க்கில் தீர்ப்பான பியர்சன் எதிர் போஸ்ட் வழக்கு. ஆளில்லாத தரிசில் போஸ்ட் ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வருகிறார். குறுக்கே வந்த பியர்சன் அதைக் கொன்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். துரத்தினவருக்கு உரிமையா, பிடித்தவருக்கா? பிடித்தவருக்கே என்றது நீதிமன்றம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி, இதையெல்லாம் வேட்டைக்காரர்களிடமே விட்டிருக்கலாம் என்று அலுத்துக்கொண்டார். நானும் அவர் கட்சிதான். அடுத்தது 1722-ம் ஆண்டு லண்டன் வழக்கு, ஆர்மரி எதிர் டெலமிரி. புகைக்கூண்டு துடைக்கும் சிறுவன் ஒருவனுக்கு ஒரு நகை கிடைக்கிறது. விலை கேட்கப் பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோகிறான். கடைப்பையன் கல்லைக் கழற்றிக்கொண்டு வெறும் கூட்டைத் திருப்பித் தருகிறான். சிறுவன் வழக்குப் போட்டு ஜெயிக்கிறான். கடைக்காரர் கல்லைக் காட்டாவிட்டால், அந்தக் கூட்டில் அடங்கும் கற்களிலேயே உயர்ந்த ரகம் என்று வைத்து விலை போடச் சொன்னது நீதிமன்றம்.

என் நோட்டில் நான் எழுதிவைத்தது: "நரி - பிடித்தவனுக்கு. நகை - கண்டெடுத்தவனுக்கு." அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனால் 34 வராமல் என்ன வரும்?

அந்தச் சிறுவன் நகையின் சொந்தக்காரன் அல்ல. சொந்தக்காரர் வேறு எங்கோ இருக்கிறார். அவர் வந்து கேட்டால் இவன் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வழக்கு இவனுக்கும் பொற்கொல்லருக்கும் இடையில். அந்த இருவரில் யாருடைய பாத்தியம் மேல் என்பது மட்டும்தான் கேள்வி. அங்கே இல்லாத மூன்றாவது ஆளின் உரிமையைக் காட்டிக் கடைக்காரர் தப்பிக்க முடியாது. இந்த மரபில் உரிமை என்பது பெரும்பாலும் ஒப்பீடுதான். சிவப்பு மை வரியின் முதல் பாதி இதுதான். எனக்கு இது உறைக்க இரண்டு மாதம் ஆனது.

நிலத்துக்குச் சொந்தக்காரர் என்றால் வானம் வரைக்கும் பாதாளம் வரைக்கும் அவருக்கே என்று ஒரு பழைய லத்தீன் வாசகம் உண்டு. 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காஸ்பி வழக்கில் அதற்கு இன்றைய உலகில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. காஸ்பி தம்பதியின் கோழிப்பண்ணைக்கு மேலே ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் பறந்து இறங்கின. மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மோதிச் செத்தன, ஏறத்தாழ 150. வானம் முழுக்க உங்களுடையது அல்ல, ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான உயரம் வரை உங்களுடையதுதான், ஆகவே நஷ்டஈடு உண்டு என்றது தீர்ப்பு. வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த வழக்கு இது. தேர்வில் வரவே இல்லை.

நான் முட்டிக்கொண்டு நின்ற இடம் 'எஸ்டேட்' என்ற சொல். தேயிலைத் தோட்டமும் இல்லை, பங்களாவும் இல்லை. ஒருவரிடம் இருப்பது நிலமே அல்ல, அந்த நிலத்தின் மேல் இவ்வளவு காலத்துக்கு என்று அளந்த ஓர் உரிமை. அந்த அளவுக்குப் பெயர் எஸ்டேட். ஒருவருக்கு ஆயுள் உள்ள வரை, அவர் போன பிறகு இன்னொருவருக்கு. இன்று இரண்டு பேருக்குமே உரிமை இருக்கிறது. ஒருவருக்கு இப்போது அனுபவம், மற்றவருக்குப் பின்னால். இதைப் படித்தேன், மனப்பாடம் செய்தேன், ஒப்பித்தேன். மண்டையில் ஏறவில்லை.

முழு உரிமை கொடுக்க அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் எழுதிய வாசகம் "அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்". அப்படி எழுதினால் வாரிசுகளுக்கு என்ன கிடைக்கும் என்று ஆசிரியர் கேட்டார். பாதி, என்றேன். ஒன்றும் கிடைக்காது, என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் காரணம் புரியவில்லை.

அதைப் புரியவைத்தவர் கூடப் படித்த ஓர் அக்கா. பத்திர எழுத்தரிடம் பல வருடம் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதுக்கு மேல் சட்டம் படிக்க வந்தவர். "உனக்கு இங்கிலீஷ்ல ஏறலன்னா தமிழ்ல கேளு" என்று சொல்லிவிட்டு, பழைய கிரயப் பத்திரத்தின் வாசகத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தார்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்வீராகவும்." பிறகு கேட்டார்: "இப்படி எழுதி வாங்கினவன் மறுநாளே இடத்தை வித்துட்டான். அவன் பேரன் வந்து, பத்திரத்துல பௌத்திரன்னு என்னைச் சொல்லியிருக்குன்னு கேஸ் போட்டா நிக்குமா?"

நிற்காது. பேரனுக்கு அந்தச் சொல் எதையும் கொடுக்கவில்லை. வாங்கியவருக்குக் கொடுத்தது எவ்வளவு நீளம் என்பதைத்தான் அது சொல்கிறது: அவரோடு முடிகிற உரிமை அல்ல, தலைமுறை தாண்டி ஓடக்கூடியது, அதனாலேயே தானமாகவோ விலைக்கோ தாராளமாகக் கொடுத்துவிடக்கூடியது. வாரிசு என்ற சொல் அங்கே ஆள் அல்ல, அளவுகோல். நான் ஆயிரம் தடவை கேட்டிருந்த வாசகம்தான். கல்யாண மந்திரம் மாதிரி அர்த்தம் யோசிக்காமலே கேட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பெரிய தாளில் கோடு போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் இடமிருந்து வலமாக ஒரு காலக்கோடு. கோட்டின் மேல் யாருக்கு எதுவரை, கீழே அந்த நாளில் உயிரோடு இருப்பவர்கள் யார் யார். தீர்ப்பின் பெயரை மறந்தாலும் படம் மறக்கவில்லை. சிவப்பு மையின் மறுபாதி இந்தப் படம். யாரைவிட யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டிருக்க வேண்டும். நான் மொட்டையாக யாருக்கு என்று மட்டும் கேட்டு வைத்திருந்தேன்.

குத்தகையும், வழிநடைப் பாத்தியம் போன்ற வசதியுரிமையும் இதற்குப் பிறகு சிரமப்படுத்தவில்லை. 1985-ம் ஆண்டின் ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு வழக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கக் கூடாது என்று உரிமையாளர் ஒப்பந்தத்துக்கு 'லைசென்ஸ்', அதாவது வெறும் அனுமதி, என்று பெயர் வைத்திருந்தார். ஐந்து பல் வைத்த கருவியைச் செய்துவிட்டு மண்வெட்டி என்று சாதித்தால் அது மண்வெட்டி ஆகிவிடாது என்ற பொருளில் நீதிபதி டெம்பிள்மேன் பிரபு ஒரு போடு போட்டார். இடத்தைத் தனி ஆளுகையில், குறிப்பிட்ட காலத்துக்கு, வாடகைக்குக் கொடுத்தால் அது குத்தகைதான்.

எதிரிடை அனுபவம் பற்றிய வகுப்பில் மறுபடி கோபம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் வெளிப்படையாக உட்கார்ந்து, சட்டம் சொல்லும் காலம் வரை அசையாமல் இருந்தால் உரிமையாளர் வழக்குப் போடும் வாய்ப்பையே இழக்கிறார். இங்கிலாந்தில் பை எதிர் கிரகாம் வழக்கு 2002-ல் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. மேய்ச்சல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிரகாம் குடும்பம் அந்த நிலத்தைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தது. உரிமையாளரான நிறுவனம் 12 வருடம் எதுவும் செய்யவில்லை. நிலம் கிரகாம் குடும்பத்துக்கே போனது. 2007-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. திருட்டுக்குச் சட்டமே சீட்டுக் கொடுக்கிறதே என்று வகுப்பில் கத்தினேன். அக்கா அமைதியாக, "தூங்கினவன் கன்னு கடாக்கன்னு" என்றார். ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். எனக்கு இன்றும் முழுச் சம்மதம் இல்லை. ஆங்கிலேயச் சட்டமே 2002-ம் ஆண்டுச் சட்டத்தில் மனம் மாறி, பதிவான நிலத்தில் 10 வருடம் இருந்தவர் விண்ணப்பித்தால் முதலில் உரிமையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்று வைத்துவிட்டது.

காலக்கோடு உண்மையிலேயே கைகொடுத்தது நிரந்தரத் தடை விதியில். செத்தவர் தன் சொத்தை எத்தனை தலைமுறைக்குக் கட்டிப்போடலாம் என்பதற்கான எல்லை இது. 1682-ம் ஆண்டின் நார்ஃபோக் கோமகன் வழக்கில் வேர்விட்டது. உரிமை இன்னாருக்கு என்று உறுதியாவதானால், ஏற்பாடு நடைமுறைக்கு வரும் நாளில் உயிரோடு இருக்கும் ஒருவரின் ஆயுளும் அதற்கு மேல் 21 வருடமும் முடிவதற்குள் உறுதியாகியே தீர வேண்டும். அந்தக் காலம் தாண்டி உறுதியாக ஒரு நூலிழை வாய்ப்பு இருந்தாலும், பழைய விதிப்படி அந்தக் கொடை செல்லாது. நடக்கக்கூடியதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். 1787-ம் ஆண்டு ஜீ எதிர் ஆட்லி வழக்கில் எழுபது வயதுத் தம்பதிக்கு இன்னும் குழந்தை பிறக்கலாம் என்று வைத்துக்கொண்டு ஒரு கொடையை ரத்து செய்தார்கள். இந்த விதியில் தவறி உயில் எழுதிய ஒரு வழக்கறிஞர் மேல் வழக்கு வந்தபோது, 1961-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அது கவனக்குறைவு ஆகாது என்றது. விதியே அவ்வளவு குழப்பமானது! 34 வாங்கியவளுக்கு அந்தத் தீர்ப்பு தந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. இங்கிலாந்தில் இப்போது 2009-ம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 125 வருடம் என்று எளிமையாக்கிவிட்டது. பாடத்திட்டத்துக்கு அந்தக் கருணை இல்லை.

உயில் பகுதிக்கு வந்தபோது சுலபம் என்று நினைத்தேன். நினைத்ததே தப்பு. 1837-ம் ஆண்டின் இங்கிலாந்து உயில் சட்டம் கேட்பது கொஞ்சம்தான்: எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்து, அதைச் சேர்ந்து ஒரே நேரத்தில் பார்த்த இரண்டு சாட்சிகள், அவர்கள் கையெழுத்து. கனடாவில் 1948-ல் டிராக்டருக்கு அடியில் மாட்டிக்கொண்ட சிசில் ஜார்ஜ் ஹாரிஸ் என்ற விவசாயி, தான் இறந்தால் எல்லாம் மனைவிக்கு என்று டிராக்டரின் மட்கார்டில் கத்தியால் கீறிவைத்தார். சாட்சி யாரும் இல்லை. ஆனால் சொந்தக் கையால் எழுதிய உயிலை அந்த மாகாணச் சட்டம் ஏற்றுக்கொண்டதால் அது செல்லுபடியானது. அந்தத் தகட்டை ஒரு பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். புத்தி பேதலித்தவர் எழுதினால்? 1870-ம் ஆண்டின் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்கில் உயில் எழுதியவரைச் செத்துப்போன ஒருவர் துரத்துவதாக ஒரு பிரமை. ஆனால் அந்தப் பிரமை உயிலைத் தொடவில்லை. தான் செய்வது என்ன, தன்னிடம் இருப்பது எவ்வளவு, தன்னை நம்பி இருப்பவர் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உயில் நின்றது.

படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். உயில் கேள்வியில் முதலில் உயிலைப் பார்க்காதீர்கள், சொத்தைப் பாருங்கள். கூட்டுரிமையில் உயிருடன் எஞ்சுபவருக்கே போகும் சொத்தாக இருந்தால் உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அதைத் தொடாது. உயிலில் குறிப்பிட்ட பொருளை எழுதியவரே உயிரோடு இருக்கும்போது விற்றிருந்தால் அந்தக் கொடையும் போச்சு. உயில் இல்லாதபோது தலைவாரியா, கிளைவாரியா என்பதைப் படம் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்; மனக்கணக்கு ஆகாது. இறந்த மகனின் மூன்று பிள்ளைகளும், உயிரோடு இருக்கும் மகளும் இருந்தால் தலைவாரியில் ஆளுக்குக் கால், கிளைவாரியில் மகளுக்குப் பாதி. நானும் அக்காவும் இரண்டு மாதம் பழைய வினாத்தாள்களை வைத்து இந்தப் படங்களை மட்டுமே போட்டோம்.

இறுதித் தேர்வில் ஐந்தாவது கேள்வி பெரிய உயில். கொள்ளுப்பேரன், 25 வயது நிபந்தனை, ஆயுள் பாத்தியதை எல்லாம் இருந்தது. கோடு போட்டேன், கை தானாக ஓடியது, நிரந்தரத் தடை பற்றி நான்கு பக்கம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தேர்வும் எழுதியதில்லை. வெளியே வந்ததும் அக்கா கேட்டார், "ரெண்டாவது சாட்சியப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்த உயிலில் வீட்டைப் பெறுகிறவள் அண்ணன் மகள்; அவளுடைய கணவன்தான் இரண்டாவது சாட்சி. சாட்சிக்கோ சாட்சியின் துணைக்கோ கொடுத்த கொடை செல்லாது என்பது அதே 1837 சட்டத்தின் 15-ம் பிரிவு. இதை எச்சரிக்காமல் விட்டதற்காக 1979-ல் ராஸ் எதிர் காண்டர்ஸ் வழக்கில் வழக்கறிஞர்களே நஷ்டஈடு கட்டினார்கள். வகுப்பில் அந்த வழக்கை விளக்கிச் சொன்னது நான்தான்.

61 வந்தது. அக்காவுக்கு 72.