பக்கத்துக் கட்டில்

பிப்ரவரி 3, செவ்வாய்

26 பேர், 8 நாள், ஒரே பேருந்து. குழுச் சுற்றுலாவுக்குத் தனியாக வருகிறவர்கள், தனி அறைக்கான கூடுதல் கட்டணத்தைக் கட்ட மனமில்லாவிட்டால், அதே நிலையிலுள்ள இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்குச் சம்மதித்துத்தான் நான் பெயர் கொடுத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவரோடு ஏழு இரவுகளை எப்படிக் கழிப்பது என்ற தயக்கம் கொஞ்சம் இருந்தாலும், யாருடனும் ஒட்டிக்கொள்ளக்கூடியவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் எண்ணம் உண்டு என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறைக்குள் நான் நுழைந்தபோது அவர் ஏற்கெனவே வந்து, ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் தன் துண்டை விரித்து வைத்திருந்தார். அறுபதைக் கடந்தவராக இருக்கலாம். “வணக்கம் அக்கா, நாம் இருவரும்தான் போலிருக்கிறது” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“அக்கா என்றெல்லாம் வேண்டாம். விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள்?”

நான் அதற்கு ஒரு நேரத்தைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் தூக்கம், அலுவலகம், ஏன் தனியாக வந்தேன் என்பது வரை சொல்லிக்கொண்டே போனேன். பாதியிலேயே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 4, புதன்

ஒரே அறைக்காரர்களுக்குப் பேருந்திலும் அடுத்தடுத்த இருக்கை என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு. ஜன்னல் ஓரத்தை எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். தலையை மட்டும் அசைத்து மறுத்துவிட்டு, நடைபாதைப் பக்கம் அமர்ந்தார். இறங்கும் இடத்தில் அவருடைய பெட்டியைத் தூக்கப் போனேன். “எனக்குக் கை இருக்கிறது” என்றார். குரலை அவர் உயர்த்தவேயில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

மதியத்துக்குள் பின் இருக்கைக் கூட்டம் அவருக்கு ‘உம்மணாமூஞ்சி’ என்று பெயர் வைத்துவிட்டது. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின்தான், நான்கடி தள்ளித் தன் தண்ணீர்ப் புட்டியை மூடிக்கொண்டிருந்த அவருக்கு அது கேட்டிருக்கும் என்று தோன்றியது.

இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ஒரே ரயிலில் அழைத்துச் சென்றதைத்தான் குழுச் சுற்றுலாவின் தொடக்கமாகச் சொல்வார்கள். மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன அந்த 500 பேரிலும் ஓர் உம்மணாமூஞ்சியும், அவரை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று பக்கத்து இருக்கையில் அரற்றிக்கொண்டு வந்த ஒருத்தியும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: அன்றே வீடு திரும்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

இன்றைய முயற்சிகள் மூன்று, மூன்றும் வீண். படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவரிடம் படம் எடுக்கும் ஆசையே இல்லை. கோட்டையின் மேல்தளத்தில் வழிகாட்டி சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்துச் சுருக்கிச் சொன்னேன்; “கேட்டது” என்றார். காலையில் அவருக்கு முன்பே எழுந்து குளியலறையைத் துடைத்து வைத்தேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பாராமலேயே உயிர் நட்புக் கொண்டிருந்தார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நட்புக்கு நேரில் பழகுவதுகூட வேண்டியதில்லை, உணர்வு ஒத்தால் போதும் என்பதற்கு அவர்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். இங்கே கதை தலைகீழ்: உணர்வு எள்ளளவும் ஒத்துவராத இரண்டு பேரை முழங்கை உரசும் தூரத்தில் உட்கார வைத்து, இரவில் மூன்றடி இடைவெளியில் படுக்கவும் வைத்திருக்கிறார்கள்.

தூக்கம் வராமல், அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் செய்த ஒரு தந்திரத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். பென்சில்வேனியா சட்டமன்றத்தில் எழுத்தராக இருந்த அவரை 1737இல் மீண்டும் தேர்ந்தெடுக்கும்போது, புதிய உறுப்பினர் ஒருவர் எதிர்த்து நீண்ட உரையாற்றினார். ஃபிராங்க்ளின் அவரைத் தாஜா செய்யப் போகவில்லை. அவரிடம் இருந்த அரிய புத்தகம் ஒன்றைச் சில நாள் இரவல் கேட்டுக் கடிதம் எழுதினார். ஒரு வாரத்தில் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை சந்தித்தபோது அந்த மனிதர் தாமாகவே வந்து பேசினாராம். ஜெக்கர், லேண்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1969இல் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு போட்டியில் வென்ற பணத்தைத் திருப்பித் தந்து உதவும்படி ஆய்வாளரே நேரில் கேட்டுக்கொண்டபோது, கொடுத்தவர்களுக்கு அவர்மேல் விருப்பம் கூடியிருந்தது.

அப்படியானால் நான் உதவி செய்யப் போவதற்குப் பதிலாக உதவி கேட்க வேண்டும். ஆனால் என்ன கேட்பது? எல்லாவற்றையும் இரண்டிரண்டாக எடுத்து வந்திருக்கிறேன். இல்லாத தேவையை இருப்பதாகக் காட்டி ஒரு பெரியவரிடம் நடிப்பதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. தந்திரத்தைக் கைவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று அவர் என்னிடம் பேசியவை: “போதும்.” “சாவி.” “இல்லை.”

பிப்ரவரி 7, சனி

புதிய ஊர், புதிய விடுதி. முகவரி அட்டையை வரவேற்பறையில் மறந்துவிட்டு எடுக்கத் திரும்பியவள், தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அந்தப் பக்கத்தில் அவரும் சுற்றுலா ஒருங்கிணைப்பாளரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

“இந்த ஊரிலும் தனி அறை கிடைக்கவில்லை அம்மா. நீங்கள் கட்டிய கூடுதல் தொகையை அலுவலகத்தில் திருப்பித் தந்துவிடுவார்கள்.”

“எனக்குத் தொகை வேண்டாம். தனி அறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நாலு நாளாக நாளைக்கு, நாளைக்கு என்கிறீர்கள்.”

“உங்கள் அறையில் இருக்கிறவர் ஏதாவது தொந்தரவு செய்கிறாரா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

“அந்தப் பெண்ணை இதில் இழுக்காதீர்கள். அவளுக்கு இது தெரியாது.”

அட்டையை எடுக்காமலேயே வெளியே வந்து, கால் போன போக்கில் விடுதியை ஒரு சுற்றுச் சுற்றினேன். நான் ஐந்து நாளாக ஒருவருடைய சுபாவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவரோ, பணம் கட்டி வாங்கிய தனிமையை யாரோ பறித்துக்கொண்டு, பதிலுக்கு ஓயாமல் பேசும் ஒருத்தியை உள்ளே விட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில் இருந்திருக்கிறார். அந்தக் கோபத்தை என்மேல் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்திருக்கிறார் என்பதையும் இப்போது பார்க்க முடிகிறது. எனக்குப் பாராமுகமாகப் பட்டது அவருடைய நிதானம். நான் எடுத்துவைத்த ஒவ்வோர் அன்பான அடியும் அவருடைய அறையில் இன்னும் கொஞ்சத்தைப் பிடுங்கியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால், ஒட்டுக்கேட்டதைச் சொல்ல வேண்டும், சொன்னால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் பேச்சுத்தான். ஆகவே எட்டு மணிக்கு, “நான் கீழே உட்கார்ந்து எழுதப் போகிறேன், ஒன்பதரை ஆகும்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை விடுதியின் முன்கூடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி அமைந்துவிட்டது. பேருந்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். எளிதாக இல்லை, அழகான வளைவு ஒன்று வரும்போதெல்லாம் நாக்கு தானாக எழும்புகிறது.

முன்கூடத்தில் பின் இருக்கைக்காரர் ஒருவர் வந்து அமர்ந்து, தன் சகோதரர்களோடு உள்ள சொத்துத் தகராறு முழுவதையும் ஒரு மணி நேரம் சொன்னார். இதைத்தான் ஜெர்மானியச் சமூகவியலாளர் ஜார்ஜ் ஸிம்மல், அந்நியரைப் பற்றி 1908இல் எழுதியபோது கவனித்திருக்கிறார்: நெருங்கியவர்களிடம் மறைப்பதைக்கூட, வந்து போகிற அந்நியரிடம் மனிதர்கள் கொட்டிவிடுவார்கள். பின் இருக்கைக்காரருக்கு நான் அப்படிப்பட்ட அந்நியர். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு நான் வந்த அந்நியர் மட்டுமே, போவதாகத்தான் தெரியவில்லை.

மேலே போனபோது அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாக அணைத்துவிட்டிருப்பார், நான் இருட்டில் தட்டுத்தடுமாறிக் கட்டிலைத் தேடுவேன். இதற்கு ஒன்றும் அர்த்தம் கற்பிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலை ஆறு மணிக்குள் பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஐந்தே முக்காலுக்கு என் பெட்டியின் ஜிப் பழுதாகிவிட்டது. ரன்னர் முன்னால் ஓடுகிறது. அதன் பின்னாலேயே பற்கள் வாயைப் பிளந்துகொள்கின்றன. வேகமாக இழுத்தேன், மெதுவாக இழுத்தேன், முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு இழுத்தேன். கடைசியில், எந்த ஃபிராங்க்ளினும் நினைவில் இல்லாமல், உண்மையாகவே திண்டாடிப்போய்க் கேட்டேன்: “உங்களிடம் ஊக்கு இருக்கிறதா?”

அவர் ஊக்கை எடுக்கவில்லை. எழுந்து வந்தார். “தள்ளு” என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, விரல் நகத்தால் பற்களை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பார்த்தார். “பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது. ரன்னர் வாய் விரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஓட்டுநரிடம் குறடு இருக்கும், ஓடிப்போய் வாங்கி வா.”

படியிறங்கும்போதுதான் உறைத்தது. வாருங்கள் இல்லை, வா.

குறடு வந்ததும் ரன்னரைத் தொடக்கத்துக்கே இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தினார். அதன் இரண்டு தகடுகளுக்கும் இடையிலுள்ள சந்து தேய்ந்து அகலமாகிவிட்டால், அது பற்களை ஒன்றோடொன்று அழுத்திக் கோக்காமல் வெறுமனே அவற்றின்மேல் நழுவிப் போகும் என்று, எனக்குச் சொல்வதுபோலவும் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலவும் சொன்னார். பின்பக்க ஓரத்தில் இடப்புறம் குறட்டை வைத்து, உள்ளங்கையால் அல்லாமல் விரல் நுனிகளால், ஓர் அழுத்து. வலப்புறம் அதே அளவு ஓர் அழுத்து. “கையில் பலம் இருக்கிறது என்று அமுக்கினால் உடைந்துபோகும்.” ஓட்டிப் பார்த்தார், நான்கு விரற்கடை தூரம் மூடிக்கொண்டு, பிறகு மறுபடி பிளந்தது. திரும்ப இழுத்து, இரண்டு பக்கமும் இன்னொரு மயிரிழை. இந்த முறை முனை வரை மூடிக்கொண்டது. குளியலறையிலிருந்த காய்ந்த சோப்புத் துண்டை எடுத்துவரச் சொல்லி, பற்களின்மேல் நீளவாக்கில் தேய்த்தார்.

“பெட்டிமேல் உட்கார்” என்றார். உட்கார்ந்தேன். என் காலுக்குக் கீழே ரன்னர் ஒரே ஓட்டமாக ஓடி நின்றது. மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

நன்றி சொன்னேன். அவர் அதைக் கேட்காதவர்போலக் குறட்டை என் கையில் கொடுத்து, “திருப்பிக் கொடுத்துவிடு, மறந்துவிடாதே” என்றார்.

உதவி கேட்டதால் வந்த மாற்றம் இது என்று ஃபிராங்க்ளின் சொல்வார். இரண்டு இரவுகள் அறையை விட்டுக் கொடுத்ததால் என்று எனக்குத் தோன்றுகிறது. பழுதான பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காத ஒருவரிடம் பழுதான பொருள் போய்ச் சேர்ந்தது என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். பகலெல்லாம் பேருந்தில் வழக்கம்போலப் பேசாமல்தான் வந்தார். ஒரே ஒரு முறை, ஏரி ஒன்று ஜன்னலுக்கு வெளியே விரிந்தபோது, என் தோளை ஒரு விரலால் தட்டி அதைக் காட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

“எங்கே?”

“கீழே. எழுதுவதற்கு.”

“அங்கே கொசு கடிக்கும். இங்கேயே இருந்து எழுது. பேசாமல் எழுது.”

அதனால் இதை இங்கே இருந்துதான் எழுதுகிறேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பாமல், மல்லாந்து படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றரை மணி நேரமாக இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கம் புரளும் சத்தம் அந்தக் கட்டிலிலிருந்து ஒன்றும், இந்தக் கட்டிலிலிருந்து ஒன்றும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பேருந்தின் வயிற்றிலிருந்து பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். பின் இருக்கைக் கூட்டம் தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டு, கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எண் வாங்கிக்கொள்ளவில்லை. நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

தன் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். என்னைக் கடந்து இரண்டடி போனவர் திரும்பி வந்து, என் பெட்டியருகே குனிந்து, ரன்னரைப் பாதி வரை திறந்து, மறுபடி மூடிப் பார்த்தார்.

“இதில் இவ்வளவு அடைக்காதே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சரிங்க அக்கா” என்றேன். இந்த முறை வேண்டாம் என்று சொல்லத் திரும்பவில்லை.