தீனி திங்காத குதிரை

செப்டம்பர் 18, 2025
அப்பாவோட டெஸ்ட் ரிசல்ட் திங்கக்கிழமைதானாம். அப்பா அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல, மைசூர்ல ரேஸ் எப்போன்னு கேட்டாரு.

செப்டம்பர் 19
தூக்கம் வரல. இந்த ஆஸ்பத்திரி பெஞ்ச் முதுகை ஒடிக்குது. பச்சை நோட்டு வேணும்னாரு, பீரோ மேலேர்ந்து எடுத்துட்டு வந்தேன். 1991லேர்ந்து எழுதிருக்காரு, தேதி, குதிரை, எத்தனை கிலோ வெயிட்டு, என்ன கட்டினாரு, என்ன வந்துச்சு. சும்மா இருக்க முடியாம எக்ஸெல்ல ஏத்த ஆரம்பிச்சேன், விடியறதுக்குள்ள 400 டிக்கெட் ஏத்திட்டேன். நூறு ரூபா கட்டினதுக்கு 71 திரும்பி வந்துருக்கு. ஃபேவரிட்டா, அதாவது ஜனங்க ஜாஸ்தியா கட்டுற குதிரையா பாத்து கட்டினதுல நஷ்டம் கம்மி, பத்துக்கு மேல விலை போன குதிரைங்கதான் ஆளை முழுங்கிருக்கு. விலைன்னா ஜெயிச்சா கட்டினதுக்கு எத்தனை மடங்கு வரும்ங்கிறது, கட்டுறவங்க கொறைஞ்சா அது ஏறும். நெறைய ஊர்ல அப்படித்தானாம், பெரிய விலைக்கு ஆசைப்பட்டு அது ஜெயிக்கிற வாய்ப்பை விட ஜாஸ்தியா ஜனங்க கட்டிடுறாங்களாம்.

இத்தனை வருஷம் ரேஸ் கிளப்புதான் அப்பா காசை தின்னுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். கிளப்பு நடத்துற டோட்டுங்கிற பந்தயக் கவுன்டர்ல அப்படி இல்ல. எல்லார் காசும் ஒரே குண்டான்ல விழுது, அவங்க கமிஷன், வரி போக மிச்சத்தை ஜெயிச்ச டிக்கெட்டுங்களுக்கு பிரிச்சு குடுத்துடுறாங்க. அப்போ அப்பா ஜெயிச்ச அன்னிக்கெல்லாம் ஜெயிச்சது பக்கத்துல நின்னவன் காசை.

செப்டம்பர் 20
அரை இட்லி. அதுவும் எனக்காக.

செப்டம்பர் 21
இன்னிக்கு நல்லா பேசினாரு. ஹேண்டிகேப் ஏன் வெக்கிறாங்கன்னு கேட்டேன், கிளாஸ் எடுத்துட்டாரு. ஜெயிக்க ஜெயிக்க ரேட்டிங் ஏறும், ரேட்டிங் ஏறினா முதுகுல வெயிட்டு ஏறும், தோக்குறதுக்கு வெயிட்டு கொறையும், எல்லாம் ஒரே நேரத்துல கோட்டைத் தொடணும்னுதான் கணக்கு. "ஜெயிச்சவன் முதுகுல ஈயத்தைக் கட்டிட்டு நியாயம்னு பேரு வெச்சிருக்கான்" அப்படின்னு ஒரே சிரிப்பு, அப்புறம் இருமல், நர்ஸ் வந்து என்னைத் திட்டிட்டுப் போனாங்க.

1974ல தமிழ்நாட்டுல ரேஸை நிறுத்தறதுக்கு சட்டம் போட்டது, 1996ல சுப்ரீம் கோர்ட் இது சூதாட்டம் இல்ல, திறமைன்னு தீர்ப்பு சொன்னது, இதெல்லாம் எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். அம்மா கிட்ட அந்த பேப்பர் கட்டிங்கை காட்டினாராம். திறமை இருக்கட்டும், என் வளையல் எங்கன்னு கேட்டுருக்கு அம்மா.

செப்டம்பர் 22
ரிசல்ட் வரல. இன்னும் ரெண்டு மூணு நாளாம்.

இன்னிலேர்ந்து ரேஸுக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 40. ஜெயிச்ச காசுக்கு இல்ல, கட்டுற காசு முழுசுக்கும். 10,000க்கு மேல ஜெயிச்சா 30 பர்சென்ட் வரிப் பிடிப்பு தனி. இதுல எவன் என்ன கணக்கு போட்டு என்ன ஆகப்போகுது. பஸ்ல கிண்டி ரேஸ் கோர்ஸ் தாண்டி வந்தேன், போன வருஷம் 160 ஏக்கரையும் கவர்மென்ட் எடுத்துக்கிச்சு. அப்பா கிட்ட அந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லல.

செப்டம்பர் 23
ராத்திரி பூரா பில் பென்டர்னு ஒரு ஆளைப் பத்தி படிச்சேன். ஹாங்காங்ல கம்ப்யூட்டர் வெச்சு ரேஸ்ல கோடி கோடியா சம்பாரிச்ச அமெரிக்காக்காரரு. அவரோட ஃபார்முலா மட்டும் தனியா போதலையாம், போர்டுல ஓடுற விலையையும் உள்ள சேர்த்தப்புறம்தான் கணக்கு பலமாச்சாம். ஏன்னா கூட்டத்துல எவனுக்கோ ஏதோ தெரிஞ்சிருக்கும், அது விலைல ஒட்டிக்கிட்டு இருக்கும்.

அப்புறம் நோட்டை பொரட்டினேன். 1998ல ஒரு பக்கம். ஓரத்துல பென்சில்ல, "4ம் நம்பர் நேத்திலேர்ந்து தீனி எடுக்கல. சயிஸ் சொன்னான். விலை ஏறுது." சயிஸ்னா லாயத்துல குதிரையை பாத்துக்கிற ஆளு. நாலாம் நம்பர்தான் அன்னிக்கு ஃபேவரிட்டு. அப்பா வேற குதிரைல 200 கட்டி 1,140 வாங்கிருக்காரு. கீழயே இன்னொரு வரி. "அவன் 4ல 500."

அவன்னா ராயபுரம் மாமாதான். வேற யாரை அப்பா அவன்னு எழுதுவாரு.

சயிஸ் சொன்னதை கேட்டது தப்பா? லாயத்துக்கு விடிகாலைல போய் நின்னு டீ வாங்கிக் குடுத்து பழகினது அவரு உழைப்பு. நான் படிச்ச புள்ளிவிவரம் எனக்கு மாதிரி அது அவருக்கு. ஆனா அந்த ரெண்டாவது வரி. எழுதி வெச்சிருக்காரே.

செப்டம்பர் 24
மாமா வந்தாரு, சாத்துக்குடியோட. ரெண்டு பேரும் பழைய குதிரைங்க பேரா சொல்லிட்டு இருந்தாங்க. போறப்போ லிஃப்ட் கிட்ட என் கையைப் புடிச்சுக்கிட்டு, "பாப்பா, ஒரு தடவை இருந்த அஞ்சுநூறும் போச்சு, கையில சல்லி இல்ல, உங்கப்பன்தான் பஸ்ஸுக்கு பத்து ரூபா குடுத்து வீட்டுக்கு அனுப்புனான், சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்" அப்படின்னாரு. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு அவருக்கு.

நான் லிஃப்ட் பட்டனை அமுக்கிட்டே இருந்தேன்.

செப்டம்பர் 25
கேட்டுட்டேன். கேட்டுருக்கக் கூடாது.

"சொன்னா அவன் நாலு பேருக்கு சொல்லுவான், எல்லாரும் என் குதிரைக்கு வந்துடுவான், எனக்கு வர்ற டிவிடெண்ட் என்னாவுறது?" இது டக்குனு வந்துச்சு. அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ஒரு மணி நேரம் இருக்கும், தூங்கிட்டாருன்னு நெனச்சேன்.

"பத்து ரூபா குடுத்தேன்ல."

செப்டம்பர் 26
பால் கூட வேணாம்னுட்டாரு.

ரிசல்ட் வந்துடுச்சு. கவரை வாங்கிப் பிரிச்சு பாத்துட்டேன். மாமா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு, எடுக்கல. அப்பா முழிச்சுட்டாரு போல