மூவாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு ஒரு புகார்

வாசலில் நிறுத்தியிருந்த மகளின் சைக்கிள் காணாமல் போனது. பழசுதான், விற்றால் மூவாயிரம் தேறும். ஆனால் அதில்தான் அவள் டியூஷன் போய்வருகிறாள், அதனால் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "பழைய சைக்கிள்தானே சார், போன் நம்பர் குடுத்துட்டுப் போங்க, கிடைச்சா சொல்றோம்" என்றார். அவமானமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

எஃப்.ஐ.ஆர். போடவே வைத்துவிடலாம் என்ற வேகத்தில் வக்கீல் நண்பரிடம் போனால் அவர் வேறு கதை சொன்னார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவென்றால் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஆனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற அதே சட்டத்தின் 174ஆவது பிரிவுப்படி புகாரின் சாரத்தைப் பதிவேட்டில் எழுதி என்னை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பியே ஆக வேண்டும். சின்ன விஷயம் என்று வழக்குப் போடாமல் இருக்கலாம், புகாரையே வாங்காமல் இருக்க முடியாது. எனக்கு உறுத்தியதும் அதுதான்.

மதிப்பை ஆறாயிரம் என்று எழுதிவிடு என்று சிலர் சொன்னார்கள். பொய் எழுத மனம் வரவில்லை. உள்ளதை எழுதி, வாங்கிய கடையின் பழைய நோட்டில் தேடிப்பிடித்த பிரேம் நம்பரையும் சேர்த்து, இரண்டு நகலோடு மறுபடி போனேன். இந்த முறை எஸ்.ஐ. இருந்தார். பொறுமையாகப் படித்துவிட்டு நகலில் சீல் வைத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் கொடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒன்பதாம் நாள் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் அந்தச் சைக்கிளை ஓட்டிப்போவதைப் பார்த்து எஸ்.ஐ.யிடம் சொன்னேன். பதினாறு வயது. அம்மாவோடு வரவழைத்தார். பதினெட்டு வயது ஆகாதவர்கள் மீது, கொடிய குற்றமாக இருந்தாலோ பெரியவர்களும் கூட்டுச் சேர்ந்திருந்தாலோ ஒழிய, எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது என்று சிறார் நீதி விதிகள் சொல்கின்றனவாம், அதனால் நாட்குறிப்பில் மட்டும் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, "உங்களுக்குச் சம்மதம்தானே சார்?" என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சரி என்றேன், முழு மனதோடுதான் சொன்னேன். அந்த வயதில் ஒரு வழக்கு என்ன செய்துவிடும் என்று அந்த எஸ்.ஐ.க்குத் தெரிந்திருந்தது, அந்த மனிதர் மேல் இப்போதும் எனக்கு மரியாதை உண்டு.

சைக்கிளைக் கொடுக்கும் முன் பிரேம் நம்பரைச் சரிபார்த்தார்கள். பில் எப்போதோ தொலைந்துவிட்டது. அது எங்களுடையது என்று காட்ட என் கையில் இருந்தது சீல் வைத்த அந்த நகல் மட்டும்தான்.