பீக்கன் ஹில் செங்கல் சுவரும் சிமென்ட்டும்

பாஸ்டன் நகரத்து பீக்கன் ஹில்லில் 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அங்கே செங்கல் மூட்டுகளில் பழைய சாந்தை எடுத்துப் புதிதாக அடைக்கும் பாயிண்டிங் வேலைக்குச் சிமென்ட்தான் முதல் எதிரி. அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. சுவருக்குள் போன ஈரம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து வழியாக வெளியேறும். அதைச் சிமென்ட்டால் அடைத்தால் ஈரம் கல்லிலேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும். சாந்து போனால் மாற்றலாம், அந்தக் கல்லுக்கு எங்கே போவது?

பழைய சாந்தை மூட்டு அகலத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு ஆழத்துக்கு உளியால் எடுங்கள். மெல்லிய மூட்டில் அறுக்கும் கிரைண்டர் வைத்தால் கல்லின் ஓரம் போச்சு! தூசி தட்டி, நனைத்து, சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காக அடைத்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் தொடங்கவே வேண்டாம். 1955 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி இது. தெருவிலிருந்து தெரியும் வெளிப்புற மாற்றத்துக்கு முன்அனுமதி வாங்க வேண்டும்.