ஸாஃப்ட்பாக்ஸைக் கழற்றி வையுங்கள்

சாட்டின் கவுன், அலையலையாகச் சுருட்டிய கூந்தல், அடர்நிற லிப்ஸ்டிக், முத்துமாலை. பழைய ஹாலிவுட் பாணியில் ஃபேஷன் ஷூட் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது இவற்றைத்தான். அத்தனையும் கச்சிதமாக அமைந்தபின் மாடலைக் கொண்டுபோய் ஒன்றரை மீட்டர் ஸாஃப்ட்பாக்ஸ் முன், அதாவது ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டியின் முன் நிறுத்துகிறார்கள். மாறுவேடப் போட்டிப் படம் போல ஒன்று கிடைக்கிறது. அந்தப் பாணியின் உயிர் உடையில் இல்லை, நிழலின் விளிம்பில் இருக்கிறது.

1930-களில் ஹாலிவுட் புகைப்படக்காரர்களான ஜார்ஜ் ஹரலும், நடிகை கிரேட்டா கார்போவைத் தொடர்ந்து படமெடுத்த கிளாரன்ஸ் சின்க்ளேர் புல்லும் நம்பியது ஸ்பாட் விளக்குகளை. கலங்கரை விளக்கத்துக்காக உருவான, வளையம் வளையமாக வெட்டிய ஃப்ரெனெல் வில்லைதான் அவற்றின் முகப்பில் இருக்கும். ஒளிமூலம் சிறிதாக இருந்தால் நிழல் கூர்மையாக விழும். கன்ன எலும்பின் கீழே கோடு கிழித்ததுபோல இருள் இறங்குவது அதனால்தான். இன்று 15 செ.மீ. ஃப்ரெனெல் பொருத்திய எல்இடி ஒன்று போதும். அது இல்லையென்றால் சாதாரண ஃபிளாஷில் 18 செ.மீ. ரிஃப்ளெக்டரும் ஒளி பரவாமல் தடுக்கும் தேன்கூட்டு கிரிட்டும் மாட்டலாம். விளிம்பு ஃப்ரெனெல் அளவுக்கு மென்மையாகக் கரையாது, ஆனால் வேலை நடக்கும்.

முதன்மை விளக்கான கீ லைட்டை மாடலின் முகத்துக்கு நேர் எதிரே, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தூரத்தில், தலைக்கு மேலே வையுங்கள். உயரத்தை அளவுநாடாவால் முடிவு செய்யாதீர்கள். மூக்கின் நிழலைப் பாருங்கள். அது மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, பாதித் தூரத்தில் நிற்க வேண்டும். பட்டாம்பூச்சி வடிவில் விழும் அந்த நிழலால்தான் இதற்கு பட்டர்ஃபிளை லைட்டிங் என்று பெயர். நடிகை மார்லின் டீட்ரிச்சின் படங்களால் புகழ்பெற்றதால், அவர் நடித்த ஸ்டுடியோவின் பெயரில் பாரமவுண்ட் லைட்டிங் என்றும் சொல்வார்கள். நிழல் உதட்டைத் தொட்டால் மீசை முளைத்ததுபோல இருக்கும். விளக்கு இன்னும் உயர்ந்தால் கண்குழிகள் இருண்டு, கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளி மறைந்துவிடும். பலர் அங்கே விளக்கை இறக்கிவிடுகிறார்கள். கன்ன நிழலும் கூடவே போய்விடுகிறது. விளக்கை அப்படியே விட்டுவிட்டு மாடலின் முகவாயைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள். அந்தக் காலத்து நட்சத்திரங்கள் எதையோ அண்ணாந்து கனவு காண்பதுபோலத் தெரிவதற்கு விளக்கு நின்ற இடமும் ஒரு காரணம்.

கடின ஒளி சருமத்தின் குறைகளைக் காட்டிவிடுமே என்ற பயம் பாதிதான் சரி. பக்கவாட்டிலிருந்து வரும் ஒளிதான் ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிழல் போட்டுக் காட்டும். முகம் விளக்கை நேராகப் பார்த்தால் அந்தச் சிறு நிழல்கள் சுருங்கிவிடும். கரடுமுரடாகத் தெரிகிறது என்றால் விளக்கை மாற்றுமுன் முகத்தின் திசையைச் சரிபாருங்கள்.

நிழலைச் சற்றே நிரப்பும் ஃபில் லைட் கேமராவின் அருகிலேயே, கீ லைட்டைவிட 2 ஸ்டாப் குறைவாக (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும், கூடினால் இரட்டிக்கும்). 3 ஸ்டாப் வரை போகலாம். 1 ஸ்டாப்புக்கு வந்துவிட்டால் பாஸ்போர்ட் படம்தான்.

கூந்தல் விளக்குதான் ஹரலின் கையெழுத்து. ஒலிவாங்கியைத் தொங்கவிடும் பூம் தண்டில் விளக்கை மாட்டிய யோசனை அவருடையது என்பார்கள். தலைக்குப் பின்னால், மேலிருந்து, ஸ்டாண்ட் ஃபிரேமுக்குள் வராமல் ஒளி விழ வேண்டும். கருங்கூந்தல் ஒளியை விழுங்கும். கீ லைட்டைவிட 1 முதல் ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள். பொன்னிறக் கூந்தலுக்குக் கீ லைட் அளவோ, அதற்கு அரை ஸ்டாப் குறைவோ போதும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, அந்த ஒளி முன்னால் வழிந்து மூக்கு நுனியில் வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடுவது. விளக்கின் முகப்பிலுள்ள தகட்டுக் கதவுகளான பார்ன் டோரில் முன்பக்க இதழை மூடினால் தீரும். லென்ஸுக்குள் நேராக அடித்துப் படம் வெளிறினால், கேமராவுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையைப் பிடியுங்கள்.

பின்னணிக்குச் சாம்பல் நிறத் தாள் ஒன்றே போதும். மாடலை அதிலிருந்து 2 மீட்டர் முன்னால் நிறுத்தி, தாளுக்குத் தனி விளக்கு கொடுங்கள். முகம் சற்றுத் திரும்பி ஒரு பக்கம் இருண்டால், அந்த இருண்ட பக்கத்துக்குப் பின்னால் தாள் வெளிச்சமாகவும், ஒளிர்ந்த பக்கத்துக்குப் பின்னால் இருளாகவும் இருக்கட்டும்.

ஹரல் காலத்துப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய 8x10 அங்குல நெகட்டிவின் மூலைவிட்டம், இன்றைய ஃபுல் ஃபிரேம் (36x24 மி.மீ.) சென்சாரைப்போல் ஏழரை மடங்கு. அதில் லென்ஸ் துளையை எஃப்/11 (எண் குறையக் குறைய துளை பெரிதாகும்) வைத்து எடுத்தால் வரும் ஃபோகஸ் ஆழம், நமக்கு எஃப்/1.5-இல் வருவதற்குச் சமம். கண்கள் கத்திபோலவும் காதுகள் கரைந்தும் தெரிவது அதனால்தான். நெருக்கமான முகப்படத்துக்கு 85 மி.மீ. லென்ஸ், எஃப்/2. உடை விற்கும் படமென்றால் எஃப்/4-க்குக் கீழே போகாதீர்கள்; தையல் தெரியாத ஃபேஷன் படத்தால் யாருக்கு லாபம்? ஃபிளாஷின் மிகக் குறைந்த அளவே எஃப்/2-க்கு அதிகமாக இருந்தால் ஒளியைக் குறைக்கும் 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் போடுங்கள்.

துணியில் சாட்டினுக்கு ஈடில்லை. அதில் தெரியும் பளிச்சென்ற கோடு உண்மையில் விளக்கின் பிம்பம். விளக்கு சிறிதானால் கோடும் ஒடுங்கிப் பளிச்சிடும். துணியை மூலைவாட்டில் (பயஸ் கட்) வெட்டித் தைத்திருந்தால் அந்தக் கோடு உடலின் வளைவோடு ஓடும். தூய வெள்ளை சாட்டின் சுலபமாக வெளுத்துவிடும்; ஐவரியோ வெளிர்சாம்பலோ பாதுகாப்பானது. நீராவி இஸ்திரியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள், கடின ஒளி ஒரு சுருக்கத்தையும் மன்னிக்காது.

முகத்தில் பவுடர் கனமாக இருந்தால் மாவு அப்பியதுபோலத் தெரியும். பவுடரைக் குறைத்து, கன்ன எலும்பிலும் இமையிலும் ஒரு துளி எண்ணெய் மினுமினுப்பு கொடுங்கள். கருநிறச் சருமத்துக்கு இது இன்னும் அழகாகப் பொருந்தும்: எக்ஸ்போஷரைக் கூட்டி முகத்தை வெளுக்க வைக்க வேண்டாம், மினுமினுப்பே முகத்தின் வடிவத்தைச் செதுக்கிவிடும்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்புச் சேனலைக் கூட்டினால் சருமம் வழுவழுப்பாகும், ஆனால் உதடு வெளிறிக் காணாமல் போகும். ஷூட்டுக்கு முன்பே நீலச் சாயலுள்ள அடர் லிப்ஸ்டிக் போட்டுவிட்டால் பிரச்சினை பாதி குறையும். சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டினால் சிவப்பை உணராத பழைய ஆர்த்தோ ஃபிலிம் போல உதடு கறுக்கும். பருவும் புள்ளிகளும் சேர்ந்தே கறுக்கும்.

அன்றைய ரீடச்சிங் கலைஞர்கள் கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவிலேயே வேலை செய்தார்கள். நெகட்டிவில் கறுப்பைக் கூட்டினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும், சுருக்கத்தின் நிழல் நிரம்பிவிடும். இன்று அதற்கு நேர் இணை, ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் இடம் பார்த்து வெளுக்கவும் கறுக்கவும் வைக்கும் டாட்ஜ் அண்ட் பர்ன்தான்: 50% சாம்பல் லேயர், ஸாஃப்ட் லைட் மோட், பிரஷ் ஃப்ளோ 2 முதல் 4%. பிளர் ஃபில்டரைத் தொட்டால் இத்தனை நேரம் கடின ஒளியில் செதுக்கிய முகம் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். மென்மை வேண்டுமென்றால் ஒளியைப் பரப்பி மங்கலாக்கும் மிஸ்ட் ஃபில்டரைக் கால் வலிமையில் (1/4) லென்ஸிலேயே போடுங்கள். அது வெளிச்சத்தை நிழலுக்குள் கசியவிடும். இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் என்லார்ஜரின் கீழ் வலைத்துணி பிடித்தால் கதை தலைகீழ், கறுப்பு வெளிச்சத்துக்குள் கசிந்து படம் மங்கலாகிவிடும்.