கேஸ் கிட்டுக்கு ஆர்பிஎம் வயரை எங்கே பிடிப்பது?

கேஸ் இசியூவுக்கு (சிஎன்ஜி/எல்பிஜி கிட்டின் கம்ப்யூட்டர்) எஞ்சின் வேகம், அதாவது ஆர்பிஎம், தெரியாவிட்டால் சோலனாய்டு (கேஸை விடும் வால்வு) திறக்காது, திறந்திருந்தாலும் மூடிவிடும். பல சீக்வென்ஷியல் (சிலிண்டருக்குத் தனித்தனியாகக் கேஸ் விடும்) கிட்களில் அதற்கான வயர் பிரவுன் நிறம். ஆனாலும் கிட்டோடு வரும் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி தருவது) உள்ள வண்டியில், காயில் கனெக்டரில் பெரும்பாலும் மூன்று வயர். சாவி ஆன் நிலையில் 12 வோல்ட் காட்டுவது சப்ளை. சாவியை ஆஃப் செய்து, பாடியோடு ஓம் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டி வருவது எர்த். மிச்சம்தான் டிரிகர் (தீப்பொறிக்கான கட்டளை வரும் வயர்), ஆர்பிஎம் வயரை இதில்தான் பிடிக்க வேண்டும். அதை டிசி வோல்ட்டில் தேடாதீர்கள்: 5 வோல்ட் துடிப்பு சில மில்லிசெகண்டே இருப்பதால் மீட்டர் 0.1 அளவுதான் காட்டும். மீட்டரை ஹெர்ட்ஸில் வைத்தால் 800 ஆர்பிஎம்மில் சுமார் 6.7 வரவேண்டும். பல்பு டெஸ்ட் லேம்ப் வேண்டவே வேண்டாம். அது இழுக்கும் கரண்டில் வண்டியின் இசியூ டிரைவர் போய்விடலாம்.

டொயோட்டா போன்ற நான்கு வயர் காயில்களில் ஒன்று இசியூவுக்குத் திரும்பும் உறுதிப்படுத்தும் சிக்னல். நான்கு காயிலுக்கும் அது பொதுவாக இணைந்திருந்தால் 27 ஹெர்ட்ஸ் காட்டும். அதைத் தொடாதீர்கள்.

இரண்டு வயர் காயிலில் நெகட்டிவ் பக்கம் பிடிக்கலாம். அங்கே சில நூறு வோல்ட் எகிறும், கை வைக்காதீர்கள்.

கேஸ் கிட்டின் சாஃப்ட்வேரில் ஆர்பிஎம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ தெரிந்தால் வயர் சரிதான், காயில் வகைத் தேர்வுதான் தவறு. சிக்னல் விட்டுவிட்டு வந்தால் அதே சாஃப்ட்வேரில் ஆர்பிஎம் சிக்னலின் 12 வோல்ட் அமைப்பை 5 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். இணைப்பைச் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.