விசிறி வாழையிடம் தண்ணீர் கேட்ட கதை

எங்கள் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் இரண்டு விசிறி வாழைகள் நிற்கும். மயில் தோகை விரித்த மாதிரி அழகு; அதற்கு மேல் அவற்றைப் பற்றி நான் யோசித்ததில்லை. மடகாஸ்கரில், மொராமங்காவிலிருந்து டோமாசினா துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில், மலைச்சரிவு முழுக்க அதே மரங்கள் நின்றன. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். காட்டை எரித்து நெல் விதைத்துக் கைவிட்ட சரிவுகளில் முந்திக்கொண்டு முளைப்பது இதுதானாம்.

ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பயணியின் பனை'. பனையே கிடையாது, வாழைக்குத் தூரத்துச் சொந்தம். தாகத்தோடு வரும் வழிப்போக்கன் மட்டையைக் குத்தினால் தண்ணீர் கொட்டும். விசிறி எப்போதும் கிழக்கு மேற்காகவே நின்று திசை காட்டும். முன்னால் நின்று மனதார வேண்டினால் நினைத்தது நடக்கும். இப்படி மூன்று கதைகள்.

சோதித்துப் பார்த்தேன். கூட வந்த வழிகாட்டி மட்டையின் அடியில் கத்தியைச் செருகினார். நிஜமாகவே தண்ணீர் பீறிட்டது. கையில் ஏந்தினால் ஒரே கலங்கல், நடுவில் கொசுப்புழு நெளிகிறது. "ஆறு பக்கத்திலேயே இருக்கும்போது இதை யார் குடிப்பார்கள்?" என்று சிரித்தார். சரிதான், மழை கொட்டும் சீமை அது. அடுத்தடுத்து நின்ற மூன்று மரங்களுக்குக் கைப்பேசித் திசைகாட்டியைப் பிடித்தேன்; மூன்றும் மூன்று பக்கம் பார்த்தன. வேண்டுதல் மட்டும் பலித்தது. குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான கறுப்பு வெள்ளை லெமூரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். இந்த மரத்துப் பூவில் தேன் குடித்து மகரந்தம் சுமப்பது அதுதான். என்ன, அண்டசிபே பக்கத்தில் சீட்டு வாங்கிக் காட்டுக்குள் போனபிறகுதான் பலித்தது.

ஊர்க்காரர்கள் இதை 'ரவினாலா' என்கிறார்கள். ரவினா என்றால் இலை, ஆலா என்றால் காடு. பயணியும் இல்லை, தாகமும் இல்லை. அவர்களுக்கு இது வீடு. ஓலை கூரையாகிறது, மட்டையைக் கோத்தால் சுவர், அடிமரத்துப் பட்டையைத் தட்டி விரித்தால் தரை. அப்படியொரு வீட்டில் ஒரு பாட்டி உட்காரச் சொன்னார். தரை காலுக்கடியில் லேசாக அமுங்கி எழுந்தது.

குடிக்கவும் கொடுத்தார். சோறு அடிப்பிடித்த பானையிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்த ரானோவோலா. காந்தல் மணக்க மணக்க இரண்டு குவளை குடித்தேன்.